ஒரே நாளில் கட்டட அனுமதி: மட்டாஞ்சேரியில் வீடு கட்டுவோர் கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

கொச்சி: மட்டாஞ்சேரியின் குறுகிய சந்து ஒன்றில் இரண்டு சென்ட் மனை. அதில் ஓடு வேய்ந்த பழைய வீடு. ஒரு பக்கச் சுவர் அண்டை வீட்டாருக்கும் சொந்தமானது. மூத்த மகனுக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது. ஓட்டைப் பிரித்துவிட்டு மாடியில் இரண்டு அறைகள் எடுத்தால்தான் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும். மக்கள் நெருக்கம் மிகுந்த இப்பகுதியில் இப்படியொரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வது கடினமல்ல. அந்தக் குடும்பம் முதலில் கேட்கும் கேள்வி, மாநகராட்சி அனுமதி எத்தனை நாளில் கிடைக்கும் என்பதாகவே இருக்கும்.

கேரள அரசின் பதில் சுருக்கமானது: விண்ணப்பித்த அன்றே கிடைக்கும். அது உண்மையும்கூட. ஆனால், அன்றே கிடைக்கும் அந்த அனுமதி எதை உறுதி செய்கிறது, எதை உறுதி செய்வதில்லை என்பதைத்தான் வீட்டு உரிமையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியுள்ளது. மட்டாஞ்சேரி போன்ற ஓர் ஊரில் இந்த வேறுபாடு ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைப் பாதுகாக்கவும் செய்யும், கரைக்கவும் செய்யும்.

சுய சான்றளிப்பு என்றால் என்ன?

கேரள நகரங்களில் கட்டடப் பணிகளை ஒழுங்குபடுத்துவது 1994-ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டமும், அதன் கீழ் வகுக்கப்பட்ட கேரள நகராட்சி கட்டட விதிகள், 2019-ம் ஆகும். இவ்விதிகள் 2019 நவம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்கு இதே காலத்தில் தனி விதிகள் வகுக்கப்பட்டன.

முன்பெல்லாம் வரைபடத்தைத் தாக்கல் செய்தால், மாநகராட்சியின் பொறியியல் பிரிவினர் மனையை நேரில் பார்வையிட்டு, குறைகளைச் சுட்டிக்காட்டி, திருத்திய வரைபடம் பெற்று, அதன் பின்னரே அனுமதி வழங்குவர். இதற்கு வாரங்கள் ஆகும். சில வேளைகளில் மாதங்களும் ஆகும். 2023 ஏப்ரல் முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் இந்த நடைமுறை சிறு வீடுகளுக்கு மாற்றப்பட்டது. இரண்டு தளங்களுக்கு மிகாமல், 300 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ 3,229 சதுர அடி வரை கட்டப்படும் குடியிருப்புகள் 'குறைந்த அபாயக் கட்டடங்கள்' என வகைப்படுத்தப்பட்டன. இவற்றுக்கு உரிமையாளரும், வரைபடம் தயாரிக்கும் உரிமம் பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞரும் கூட்டாக ஓர் உறுதிமொழிப் பத்திரம் அளித்தால் போதும். கட்டணம் செலுத்தியதும் கணினியே அனுமதியை வழங்கிவிடும்.

2024 ஜனவரி 1 அன்று முதல்வர் பினராயி விஜயன் கொச்சியில் தொடங்கிவைத்த கே-ஸ்மார்ட் இணையத்தளம் இந்த நடைமுறைக்கு இப்போது வாயிலாக உள்ளது. மாநில அரசின் இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் உருவாக்கிய இத்தளம் முதலில் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் செயல்பட்டது. 2025 ஏப்ரலில் கிராம ஊராட்சிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தமிழக வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை 22 அன்று இதேபோன்ற திட்டம் தொடங்கப்பட்டது. அங்கு 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்குச் சுய சான்றின் அடிப்படையில் உடனடி அனுமதி பெறலாம்.

இங்கே ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்ந்துள்ளது. பழைய முறையில், விதிகளுக்கு உட்பட்டுள்ளதா எனச் சரிபார்க்கும் பொறுப்பு அலுவலகத்துக்கு இருந்தது. புதிய முறையில் அந்தப் பொறுப்பு விண்ணப்பதாரரின் கையெழுத்துக்கு மாறிவிட்டது. கடலோர ஒழுங்குமுறைச் சட்டத்தையும் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தையும் பின்பற்றியே விண்ணப்பிக்கிறோம் என்ற வாக்குமூலமும் அந்த உறுதிமொழியில் அடங்கும். உண்மையை மறைத்து அனுமதி பெற்றது தெரியவந்தால் அபராதம் விதிக்கவும், கட்டடத்தை இடிக்கவும், பொறியாளரின் உரிமத்தை ரத்து செய்யவும் விதிகள் இடமளிக்கின்றன. கணினி கேள்வி கேட்காமல் அனுமதி தந்தது என்பதைப் பின்னாளில் ஒரு வாதமாக முன்வைக்க முடியாது.

'நிலம்' என்றால் மனை அல்ல

கேரளத்தில் வீடு வாங்கும், கட்டும் தமிழர்கள் முதலில் தடுமாறுவது சட்டத்தில் அல்ல, சொற்களில்தான். இரு மொழிகளும் நெருக்கமானவை என்பதே இங்கு சிக்கலாகிறது.

வருவாய்த் துறை ஆவணத்தில் ஒரு மனை 'நிலம்' என்று குறிக்கப்பட்டிருந்தால், தமிழில் படிப்பவர் அதைப் பொதுவான இடம் என்றே புரிந்துகொள்வார். கேரள வருவாய் வழக்கில் அந்தச் சொல்லுக்கு நெல் விளையும் நன்செய் என்று பொருள். வீடு கட்டுவதற்குரிய மேட்டு மனை 'புரயிடம்' எனக் குறிக்கப்படும். பத்திரத்தில் எழுதியிருப்பதைக் காட்டிலும் கிராம அலுவலகத்தின் அடிப்படை வரிப் பதிவேட்டில் எழுதியிருப்பதுதான் இதில் செல்லுபடியாகும். அங்கே 'நிலம்' என்றிருக்க, கண்ணெதிரே தென்னை மரமும் பழைய வீடும் நின்றாலும், 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அந்த இடம் உள்ளாட்சியின் தரவு வங்கியில் நெல்வயலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா, இல்லையா என்பதைப் பொறுத்து விண்ணப்பிக்க வேண்டிய படிவமும் வழியும் மாறும். தரவு வங்கியில் இல்லாத இடமாயின், 2018-இல் சேர்க்கப்பட்ட 27ஏ பிரிவின் கீழ் வருவாய்க் கோட்ட அலுவலரிடம் வகை மாற்றம் கோரலாம்.

மற்றொரு சொல் 'போக்குவரவு'. தமிழ்க் காதுக்கு இது சாலையில் ஓடும் வண்டிகளை நினைவூட்டும். கேரளத்தில் அது பட்டா மாறுதலைக் குறிக்கும். கிரயப் பத்திரத்துக்கு அங்கு 'ஆதாரம்' என்று பெயர். ஆதாரம் பதிவானதும் வேலை முடிந்தது என எண்ணிப் போக்குவரவு செய்யாமல் விட்டுவிட்டால், நில வரி ரசீது பழைய உரிமையாளர் பெயரிலேயே வரும். கட்டட அனுமதிக்கு உரிமைப் பத்திரம், நடப்பு நில வரி ரசீது, கிராம அலுவலர் வழங்கும் கைவசச் சான்று ஆகியவை ஒரே பெயரில் பொருந்த வேண்டும்.

மட்டாஞ்சேரியில் இதைவிடக் கடினமான நிலை, பாகம் பிரிக்கப்படாத பரம்பரை வீடுகளில் உள்ளது. தாத்தா பெயரில் உள்ள வீட்டில் பேரப்பிள்ளைகள் வசிப்பார்கள். பங்குதாரர்களில் சிலர் வளைகுடா நாட்டில் இருப்பார்கள், சிலர் தமிழ்நாட்டில் இருப்பார்கள். உரிமை உள்ள அனைவரின் இசைவும் இல்லாமல் விண்ணப்பம் நகராது. இந்த ஒரு கட்டத்தில் கே-ஸ்மார்ட் எந்த உதவியும் செய்ய இயலாது.

இரண்டு சென்டில் என்ன கட்டலாம்?

ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். கட்டட விதிகள் சாதாரண மனைகளில் வீட்டின் முன்புறம் பொதுவாக 3 மீட்டர் இடைவெளியையும், பக்கவாட்டிலும் பின்புறத்திலும் குறைந்தபட்ச இடைவெளிகளையும் கோருகின்றன. இரண்டு சென்ட் மனையில் இவற்றை அப்படியே விட்டால் மிஞ்சுவது ஒரு நடைபாதை மட்டுமே. இதை உணர்ந்தே 125 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ மூன்று சென்ட்டுக்கு மிகாத சிறு மனைகளுக்கு விதிகளில் தனி அத்தியாயம் உள்ளது. அதில் இடைவெளி அளவுகள் தளர்த்தப்பட்டுள்ளன. அண்டை மனைக்காரர் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் ஒரு பக்கச் சுவரை எல்லையிலேயே எழுப்பவும் வழி உண்டு. வரிசை வீடுகளுக்கெனவும் தனி ஏற்பாடு உள்ளது.

எனவே, சந்து வீட்டுக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை, தனது மனை எந்த அத்தியாயத்தின் கீழ் வருகிறது என்பதைப் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதத்தை வாய்மொழி வாக்குறுதியாக விட்டுவிடாமல் எழுத்தில் பெற்றுக்கொள்வது அடுத்த வேலை. உறவு நன்றாக இருக்கும்போது கேட்டால் கிடைக்கும் கடிதம் அது.

அனுமதியே தேவைப்படாத பணிகளும் உண்டு. ஓடு மாற்றுதல், பூச்சு வேலை, வெள்ளையடித்தல், சன்னல் கதவு மாற்றுதல், கட்டமைப்பைத் தொடாத உள்வேலைகள் ஆகியவற்றுக்குக் கட்டட விதிகளின்படி அனுமதி பெற வேண்டியதில்லை. ஆனால் மட்டாஞ்சேரியில் இந்த வரிக்கும் ஒரு விலக்கு உண்டு. அதற்குக் காரணம் அரண்மனை.

அரண்மனையைச் சுற்றி 300 மீட்டர்

போர்ச்சுகீசியர் 1555-ஆம் ஆண்டளவில் கட்டி கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்கு வழங்கிய மட்டாஞ்சேரி அரண்மனையை, 1663-இல் டச்சுக்காரர்கள் புதுப்பித்தனர். அதனால் அது இன்றும் டச்சு அரண்மனை என்றே அழைக்கப்படுகிறது. இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம் இது. ஃபோர்ட் கொச்சியில் உள்ள புனித பிரான்சிஸ் தேவாலயமும் அதே பட்டியலில் உள்ளது.

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்களுக்கான சட்டம் 2010-இல் திருத்தப்பட்டபோது இரண்டு வளையங்கள் சட்டத்தில் இடம்பெற்றன. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தூரம் அளக்கப்படுவது அரண்மனைச் சுவரிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். யூதர் தெருவும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளும் எவ்வளவு நெருக்கமாக அமைந்தவை என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு, இந்த 300 மீட்டருக்குள் எத்தனை வீடுகள் அடங்கும் என்பது எளிதில் விளங்கும்.

தடை செய்யப்பட்ட பகுதியில் புதிய கட்டுமானம் கூடாது. கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ கட்டடத்தை விரிவாக்குவதையும் சட்டம் 'கட்டுமானம்' என்ற வரையறைக்குள்ளேயே வைத்துள்ளது. ஆகவே மகனுக்காக மேலே எழுப்ப நினைக்கும் அந்த இரண்டு அறைகள், 100 மீட்டருக்குள் இருந்தால், இன்றைய சட்டப்படி இயலாதவை. மாநகராட்சி நினைத்தாலும் அதைத் தர முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடமாயின், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். கட்டட விதிகள் அனுமதி தேவையில்லை என விட்டுவிட்ட பழுதுபார்ப்புக்கும் இங்கே தனி இசைவு தேவைப்படுவது இதனால்தான்.

அடுத்த 200 மீட்டரில் நிலைமை சற்று இலகுவானது. அங்கே கட்டுமானம், மறுகட்டுமானம், பழுதுபார்ப்பு ஆகிய எதற்கும் விண்ணப்பிக்கலாம். தகுதிவாய்ந்த அதிகாரி 15 நாள்களுக்குள் அதைத் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதங்களுக்குள் பரிந்துரை அளிக்க வேண்டும். அதன் பின் ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவு தெரிவிக்க வேண்டும். அனைத்தும் காலக்கெடுவுக்குள் நடந்தாலும் மூன்றரை மாதங்கள் ஆகும். ஒரே நாள் அனுமதி என்ற விளம்பரத்தை நம்பித் திருமண நாளைக் குறித்த குடும்பம் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடியும்.

மத்தியச் சட்டத்துக்கு வெளியேயும் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி ஆகியவை பாரம்பரியப் பகுதிகளாகக் கருதப்படுகின்றன. பாரம்பரியக் கட்டடங்களைப் பாதிக்கும் விண்ணப்பங்கள் குறித்து மாநில அரசின் கலை, பாரம்பரிய ஆணையத்தின் கருத்து கோரப்படலாம். பாதுகாப்புத் துறை நிலையங்களை ஒட்டிய மனைகளுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஃபோர்ட் கொச்சியில் கடற்படையின் ஐ.என்.எஸ். துரோணாச்சாரியா இயங்கி வருகிறது.

பாரம்பரியத்தைக் காப்பதன் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. அரண்மனையைப் பார்க்க வரும் பயணியருக்குத் தெரு அழகாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக, அதே தெருவில் வாழும் குடும்பம் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறது. சட்டம் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடாக எதையும் தருவதில்லை.

நீர்க்கோடு எங்கே செல்கிறது?

மட்டாஞ்சேரியின் கிழக்கே காயல். எதிரே வெல்லிங்டன் தீவு. 1967 நவம்பர் 1 அன்று எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளும் அருகிலிருந்த சில பகுதிகளும் இணைக்கப்பட்டுக் கொச்சி மாநகராட்சி உருவானது. அந்த வரலாற்றின் காரணமாக, வளர்ச்சியடைந்த நகர்ப்பகுதி என்ற முறையில் மட்டாஞ்சேரியின் கரையோரம் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் இரண்டாம் வகையில் வருகிறது. இவ்வகையில் வீடு கட்ட முற்றிலும் தடையில்லை. ஏற்கெனவே உள்ள சாலைக்கு, அல்லது ஏற்கெனவே உள்ள அனுமதி பெற்ற கட்டடங்களுக்கு, நிலப்பக்கமாகக் கட்டலாம். நீர்ப்பக்கமாகக் கட்ட முடியாது.

இவ்விதி கடற்கரைக்கும் காயல் கரைக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. ஓதம் ஏறி இறங்கும் கால்வாய்களின் கரைகளுக்கும் இது பொருந்தும். 2011 அறிவிக்கையின்படி அத்தகைய நீர்நிலையின் உயர் ஓதக் கோட்டிலிருந்து 100 மீட்டர், அல்லது நீர்நிலையின் அகலம், இவற்றில் எது குறைவோ அதுவரை கட்டுப்பாடு இருந்தது. 2019 ஜனவரி 18 அன்று வெளியான புதிய அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. ஊருக்குள் வளைந்து செல்லும் ராமேஸ்வரம்–கல்வத்தி கால்வாய் போன்றவற்றின் ஓரத்தில் மனை வைத்திருப்போர், தாங்கள் கரையோரவாசிகள் அல்லர் என எண்ணிவிடக் கூடாது.

புதிய அறிவிக்கை வந்ததும் அதன் சலுகைகள் தாமாகவே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. அதற்கேற்ற கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஏற்க வேண்டியிருந்தது. கேரளத்தின் திட்டத்துக்கு 2024 அக்டோபரில்தான் ஒப்புதல் கிடைத்தது. அறிவிக்கைக்கும் திட்டத்துக்கும் இடைப்பட்ட ஐந்தே முக்கால் ஆண்டுகளில், 'புதிய சட்டம் வந்துவிட்டது' என்ற பேச்சை நம்பிக் கட்டியவர்கள் பழைய சட்டத்தின் கீழேயே இருந்தனர்.

சிறு வீடுகளுக்கு அறிவிக்கையில் ஒரு வசதி உண்டு. சொந்தக் குடியிருப்புக்காக 300 சதுர மீட்டர் வரை கட்டுவோர், கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரையைத் தனியே பெற வேண்டியதில்லை. உள்ளாட்சி அமைப்பே ஒப்புதல் அளிக்கலாம். ஆனால் அறிவிக்கைக்கு உட்பட்டதா என உள்ளாட்சி ஆராய்ந்த பின்பே அளிக்க வேண்டும். எனவே, நீர்க்கோட்டுக்கு அருகில் மனை உள்ளவர்கள் சுய சான்று வழியாக விரைவதைவிட, மாநகராட்சியின் மட்டாஞ்சேரி மண்டல அலுவலகத்தில் மனையின் நிலையை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பானது. இடம் எந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது என்பதை வரைபடத்தில் காட்டும் வசதி கே-ஸ்மார்ட்டிலும் உள்ளது. அதை முதற்கட்டத் தகவலாகக் கொள்ளலாம். முடிவான சான்றாகக் கொள்ள வேண்டாம்.

மரடு காட்டிய உண்மை

உள்ளாட்சியின் அனுமதி கையில் இருந்தும் வீடு பறிபோகுமா? மட்டாஞ்சேரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அதற்கான விடை கிடைத்தது.

மரடு அப்போது ஒரு கிராம ஊராட்சி. 2006-ஆம் ஆண்டில் காயல் ஓரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்ட அந்த ஊராட்சி அனுமதி வழங்கியது. கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இசைவு பெறப்படவில்லை. அந்த இடம் 1996-இல் ஏற்கப்பட்ட திட்டத்தின்படி மூன்றாம் வகையில், அதாவது கட்டுப்பாடு மிகுந்த ஊரகக் கரையோரமாக இருந்தது. மறு ஆண்டே ஊராட்சி விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. கட்டுமான நிறுவனங்கள் உயர் நீதிமன்றத்தை அணுகி இடைக்காலப் பாதுகாப்பு பெற்றன. வழக்கு நடக்க, கட்டடங்கள் எழுந்தன. வீடுகள் விற்கப்பட்டன, குடும்பங்கள் குடியேறின, வரி வசூலிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் கட்டுமான நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் மேல்முறையீடு செய்தது.

2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்த அனுமதிகள் சட்டவிரோதமானவை எனக் கூறி, கட்டடங்களை இடிக்க உத்தரவிட்டது. இடத்தின் வகை பின்னாளில் மாறக்கூடும் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. சீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. வீடு இழந்தோருக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் செப்டம்பரில் ஆணையிட்டு, நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தலைமையில் குழுவை அமைத்தது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் ஹோலி ஃபெய்த் எச்2ஓ, ஆல்ஃபா செரீன், ஜெயின்ஸ் கோரல் கோவ், கோல்டன் காயலோரம் ஆகிய நான்கு வளாகங்களும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. முன்னூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சில விநாடிகளில் தூசியாயின. தொலைக்காட்சிகள் அதை நேரலையில் காட்டின.

அந்தக் காட்சி ஒரு பொறியியல் சாதனையாகவே பெரிதும் பேசப்பட்டது. அனுமதி கொடுத்த அலுவலகம், கட்டிய நிறுவனம், வாங்கிய குடும்பம் என மூன்று தரப்பில், வீட்டை விட்டுச் சாமான்களுடன் வெளியேறியது மூன்றாம் தரப்பு மட்டுமே. அவர்களில் பலர் பத்திரப் பதிவு, வங்கிக் கடன், வரி ரசீது என அனைத்தையும் முறையாக வைத்திருந்தவர்கள்.

சுய சான்று முறையில் ஊராட்சிச் செயலரின் கையெழுத்துகூட இல்லை. அதன் இடத்தில் உரிமையாளரின் கையெழுத்துதான் இருக்கிறது. மரடு வழக்கின் பின்னணியில் இதைப் படிப்பவர்கள், உறுதிமொழிப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் மெதுவாகவே படிப்பார்கள்.

அருகிலுள்ள ஊராட்சிகளில்

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே செல்லானம், கும்பளங்கி, காயலின் மறுபுறம் முளவுகாடு என நீர் சூழ்ந்த ஊராட்சிகள் உள்ளன. நகரில் இடம் கிடைக்காதவர்கள் சொந்த வீட்டுக்காக நாடிச் செல்வது பெரும்பாலும் இத்தகைய இடங்களையே. இங்கு கட்டட விதிகள் சற்று எளிமையானவை, கட்டணமும் குறைவு. ஆனால் நீர்க்கோடும் நெல்வயல் சட்டமும் நகரைவிடக் கடுமையாகக் குறுக்கிடும். காயல் தீவுகளில் 2011 அறிவிக்கை கரையிலிருந்து 50 மீட்டருக்குள் கட்ட அனுமதிக்கவில்லை. 2019 அறிவிக்கை அதை 20 மீட்டராகக் குறைத்தது. 2024-இல் ஏற்கப்பட்ட திட்டத்தில் கேரளத்தின் நகர்த்தன்மை கொண்ட 66 ஊராட்சிகள் மூன்றாம் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற்றப்பட்டன. ஊராட்சியில் மனை வாங்குவோர், அந்த ஊராட்சி இந்தப் பட்டியலில் உள்ளதா எனக் கேட்டறிவது அவசியம்.

தலைமுறைகளாகக் கரையில் வாழும் மீனவக் குடும்பங்கள் பல, அனுமதி இன்றியே வீட்டை எழுப்பிக்கொண்டன. அத்தகைய வீடுகளுக்கு உள்ளாட்சிகள் 'யு.ஏ.' என்ற முன்னொட்டுடன் தற்காலிக எண் வழங்குகின்றன. மின் இணைப்பு, குடும்ப அட்டை போன்றவற்றுக்கு அந்த எண் பயன்படும். ஆனால் கூடுதல் வரி உண்டு, கட்டடம் சட்டப்பூர்வமாகிவிடாது. 2019 நவம்பர் 7-க்கு முன் கட்டப்பட்ட அனுமதியற்ற கட்டடங்களை வரன்முறைப்படுத்த 2024-இல் மாநில அரசு தனி விதிகளை வகுத்தது. மாநில அரசின் விதிமீறல்களுக்கு அது வழி காட்டுமே தவிர, மத்திய அறிவிக்கையை மீறி எழுந்த வீட்டைக் காப்பாற்றாது.

கட்டணம் எவ்வளவு?

2023 ஏப்ரல் 10 முதல் கேரளத்தில் கட்டட அனுமதிக் கட்டணம் பன்மடங்கு உயர்த்தப்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் 2024 ஆகஸ்ட் 1 முதல் குறைக்கப்பட்டது. மாநகராட்சிப் பகுதியில் 81 முதல் 150 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 100 ரூபாயாக இருந்தது 40 ரூபாயானது. நகராட்சிகளில் இது 70-லிருந்து 35 ஆகவும், கிராம ஊராட்சிகளில் 50-லிருந்து 25 ஆகவும் குறைந்தது. 100 சதுர மீட்டர் வீடு ஒன்றுக்கு மட்டாஞ்சேரியில் அனுமதிக் கட்டணம் 10,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாகக் குறைந்தது என்பது கணக்கு. 80 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகளுக்கு உயர்வே பொருந்தவில்லை. சந்து வீடுகளில் பல இந்த வரம்புக்குள் வரும்.

2025 வரை நடைமுறையில் இருந்த விதிப்படி, கட்டுமானச் செலவு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், கட்டடத் தொழிலாளர் நல வரியாக ஒரு விழுக்காடு செலுத்த வேண்டியிருந்தது. பொறியாளருக்கான ஊதியம் தனி. சுய சான்று முறையில் அவரும் தமது உரிமத்தைப் பணயம் வைத்துக் கையெழுத்திடுகிறார் என்பதால், குறைந்த தொகை கேட்பவரைவிட மனையை நேரில் வந்து அளப்பவரைத் தேர்வு செய்வது நல்லது.

பணி முடிந்த பின்

அனுமதி ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் முடிக்க இயலாவிட்டால், காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடையில் வரைபடத்தை மாற்றினால் திருத்திய அனுமதி தேவை. பணத்துக்கேற்பச் சிறிது சிறிதாகக் கட்டும் குடும்பங்கள் தவறவிடுவது இந்த இரண்டையும்தான்.

பணி நிறைவடைந்ததும் நிறைவுச் சான்றுடன் விண்ணப்பித்துக் குடியிருப்புச் சான்றும் கட்டட எண்ணும் பெற வேண்டும். சுய சான்று மூலம் அனுமதி பெற்ற வீட்டின் உண்மையான அளவுகள் ஏதேனும் ஓர் அதிகாரியின் பார்வைக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வரைபடத்தில் இல்லாத பால்கனியும், சந்துக்குள் நீண்டுவிட்ட படிக்கட்டும் அப்போது பேச்சுக்கு வரும். எண் கிடைத்த பிறகு மாநகராட்சிக்குச் சொத்து வரி செலுத்த வேண்டும். வீடு 100 சதுர மீட்டரைத் தாண்டினால், 1975-ஆம் ஆண்டின் கேரள கட்டட வரிச் சட்டப்படி ஒருமுறை வரியும் உண்டு. அதை நிர்ணயிப்பது மாநகராட்சி அல்ல, வட்டாட்சியர். இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து, வெவ்வேறு மாதங்களில் வரும். ஒன்றின் ரசீது மற்றொன்றுக்குப் பொருந்தாது.